கறிக்கோழித் தீவனத்தில் தானியத் தேர்வும் நொதிகளும்: சொந்தமாகத் தீவனம் கலக்கும் பண்ணையாளருக்கான முழுமையான வழிகாட்டி

முட்டையிலிருந்து வெளிவரும்போது 40 முதல் 45 கிராம் எடையுள்ள கறிக்கோழிக் குஞ்சு, ஐந்தாறு வாரங்களில் 2 கிலோவைத் தாண்டுகிறது. இந்த வளர்ச்சிக்கான செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. தீவனத்தின் எடையில் பாதிக்கு மேல் தானியம். ஆகவே எந்தத் தானியத்தை என்ன விலைக்கு எந்த நிலையில் வாங்குகிறோம் என்பதுதான் பண்ணையின் லாபத்தை முதலில் நிர்ணயிக்கிறது. நொதிகள், அதாவது வழக்கில் என்சைம் என்று சொல்லப்படுபவை, அதற்கு அடுத்த இடத்தில் வருகின்றன. தானியத்தைப் பார்க்காமல் நொதியை வாங்குவது பணத்தை வீணாக்கும் என்பதே என் உறுதியான கருத்து. ஒவ்வொரு நொதிக்கும் குறிப்பிட்ட ஓர் இலக்குப் பொருள் உண்டு. அந்தப் பொருள் தீவனத்தில் போதிய அளவில் இல்லையென்றால், எவ்வளவு உயர்ந்த நொதியைச் சேர்த்தாலும் அது செய்வதற்கு வேலை இருக்காது.

பல்லடம், உடுமலைப்பேட்டை, கோயம்புத்தூர் பகுதிகளில் பெரும்பாலான பண்ணைகள் ஒப்பந்த முறையில் நடப்பதால், அங்கே தீவனத்தை நிறுவனமே அனுப்பிவிடுகிறது. இந்த வழிகாட்டி, சொந்தமாகக் குஞ்சு வாங்கி, சொந்த மில்லிலோ வாடகை மில்லிலோ தீவனம் அரைத்துக் கலக்கும் பண்ணையாளர்களுக்காக எழுதப்பட்டது.

படி 1: வயதுக்கேற்ற தேவையை எழுதி வைத்துக்கொள்ளுதல்

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1374 (2007) தரக்குறிப்பின்படி, முன்-ஸ்டார்ட்டர் (மிக இளம் குஞ்சுக்கான) தீவனத்தில் 23 சதவீதம் புரதமும் கிலோவுக்கு 3000 கிலோகலோரி எரிசக்தியும், அடுத்து வரும் ஸ்டார்ட்டரில் 22 சதவீதமும் 3100 கிலோகலோரியும், விற்பனை வரை கொடுக்கும் ஃபினிஷரில் 20 சதவீதமும் 3200 கிலோகலோரியும் இருக்க வேண்டும். இவற்றைத் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளலாம். ஆனால் இன்றைய கோழியினங்களுக்கு மொத்தப் புரதத்தைவிடச் செரிக்கக்கூடிய லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களின் அளவே முக்கியம் என்பதால், குஞ்சு விற்பவரிடம் அந்த இனத்துக்கான ஊட்டச்சத்துக் கையேட்டைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்களையே இலக்காக வைப்பது நல்லது.

படி 2: ஒவ்வொரு தானியத்தின் குணத்தையும் அறிதல்

மக்காச்சோளமே இங்கு அடிப்படைத் தானியம். கிலோவுக்கு ஏறத்தாழ 3350 கிலோகலோரி எரிசக்தி, 8.5 முதல் 9 சதவீதம் புரதம், 3.5 முதல் 4 சதவீதம் எண்ணெய் ஆகியவற்றோடு, கால்களுக்கும் தோலுக்கும் மஞ்சள் நிறம் தரும் சாந்தோஃபில் நிறமியும் அதில் உண்டு. குறை என்னவென்றால், அதன் புரதத்தில் லைசினும் டிரிப்டோஃபேனும் குறைவு. அதிலுள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்னும் வடிவில் அடைபட்டிருப்பதால் கோழியால் எடுத்துக்கொள்ள முடியாது. விலையும் முன்போல் இல்லை. எத்தனால் ஆலைகள் பெருமளவில் மக்காச்சோளம் வாங்கத் தொடங்கிய பிறகு, மாற்றுத் தானியங்களைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாத நிலை வந்திருக்கிறது.

கம்பு, என் மதிப்பீட்டில், நம் பகுதியில் உரிய கவனம் பெறாத தானியம். அதில் புரதம் 10 முதல் 12 சதவீதம். லைசின் மக்காச்சோளத்தைவிடச் சற்றுக் கூடுதல். எண்ணெய்ச் சத்தும் குறையாது. எரிசக்தி மட்டும் மக்காச்சோளத்தைவிடச் சற்றுக் குறைவு, அதுவும் இரகத்துக்கு இரகம் மாறும். மஞ்சள் நிறமி கிட்டத்தட்ட இல்லாததால், கம்பை அதிகம் தின்ற கோழியின் கால் வெளுத்திருக்கும். உயிர்க்கோழி வாங்கும் வியாபாரி கால் நிறத்தைப் பார்ப்பவராக இருந்தால் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். பூக்கும் காலத்தில் மழை பெய்தால் கம்பில் தேனொழுகல் நோய் வரும். கதிரில் தானியத்துக்குப் பதிலாக உருவாகும் கருநிற எர்காட் முடிச்சுகள் நச்சுத்தன்மை உடையவை. கருமையான, நீண்ட, ஒழுங்கற்ற துண்டுகள் கம்பு மூட்டையில் கண்ணில் பட்டால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

சோளத்தில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று டேனின். இது செந்நிற, பழுப்பு இரகங்கள் சிலவற்றில் மிகுந்து, புரதத்தோடு பிணைந்து செரிமானத்தைக் கெடுக்கும். மற்றொன்று, மாவுச்சத்துத் துகள்களைச் சூழ்ந்திருக்கும் கேஃபிரின் என்ற புரதம். இது வெள்ளைச் சோளத்திலும் உண்டு. விதையின் வெளிநிறத்தை மட்டும் பார்த்து டேனினை முடிவு செய்யக் கூடாது. காரம் கலந்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் சோளத்தைச் சுமார் 20 நிமிடம் ஊறவைத்துக் கழுவிப் பார்த்தால், டேனின் உள்ள விதைகள் கருத்தும் இல்லாதவை வெளுத்தும் தெரியும். சரக்கு வாங்கும் இடத்திலேயே செய்துவிடக்கூடிய எளிய சோதனை இது.

குருணை அரிசியில் மாவுச்சத்து மிகுதி, நார்ச்சத்து மிகக் குறைவு, செரிமானம் எளிது. ஆகவே முதல் வாரக் குஞ்சுகளுக்கு ஏற்றது. ஆனால் அதில் எண்ணெயும் நிறமியும் மிகக் குறைவு. ஃபைட்டேட்டும் குறைவு என்பது நொதியைத் தேர்ந்தெடுக்கும்போது முக்கியமாகும். தவிடு கலந்த குருணை, தவிடு இல்லாத குருணை இரண்டுக்கும் சத்து வேறு என்பதால், கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து வாங்க வேண்டும்.

கோதுமை நம் ஊரில் தீவனத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது அரிது. கிடைக்கும்போது, அதிலுள்ள, நீரில் கரையக்கூடிய அராபினோசைலன் என்னும் நார்ப்பொருள் குடலில் கஞ்சி போலக் கெட்டியான கூழை உண்டாக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம், எரிசக்தி குறைவு. வேகமாக வளரும் கறிக்கோழிக்கு அதைச் சிறிய அளவுக்கு மேல் நான் பரிந்துரைப்பதில்லை.

படி 3: வந்திறங்கும் சரக்கைச் சோதித்தல்

தானியத்தின் பெயரைவிட அதன் நிலையே வளர்ச்சியை அதிகம் பாதிக்கும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருப்பது பாதுகாப்பு. 14 சதவீதத்தைத் தாண்டிய மக்காச்சோளத்தை நம் வெப்பத்தில் சேமித்தால் பூஞ்சை நிச்சயம். லாரியின் மேல்தட்டு மூட்டைகளை மட்டும் குத்திப் பார்க்காமல், முன், நடு, பின், அடி என்று பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து ஒன்றாகக் கலந்து அளக்க வேண்டும். பூஞ்சை உண்டாக்கும் நச்சான அஃப்ளடாக்சின் ஒரு சரக்கு முழுவதும் சீராகப் பரவியிருக்காது. சில மூட்டைகளில் குவிந்திருக்கும். ஒரே மூட்டை மாதிரியை நம்புவது இதனால்தான் ஆபத்து.

கறிக்கோழித் தீவனத்தில் அஃப்ளடாக்சின் பி1-க்கான வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்பட்டு, நோய் எதிர்ப்புத் திறனும் எடையும் குறையும். இங்கே விவரிக்கப்படும் நொதிகள் எதுவும் இதைச் சரி செய்யாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, ஈரப்பதம், புரதம், நச்சு மூன்றையும் தெரிந்துகொள்ளலாம். எத்தனால் ஆலையிலிருந்து வரும் டி.டி.ஜி.எஸ். (எத்தனால் எடுத்தபின் எஞ்சும் உலர்ந்த தானியச் சக்கை) வாங்குபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: மாவுச்சத்து நீங்கிய பிறகு எஞ்சும் பொருளில், மூலத் தானியத்திலிருந்த நச்சு ஏறத்தாழ மூன்று மடங்காகச் செறிந்திருக்கும்.

படி 4: தானியத்தின் உண்மையான மதிப்பைக் கணக்கிடுதல்

கிலோ விலையை மட்டும் ஒப்பிடுவதும், கலோரி விலையை மட்டும் ஒப்பிடுவதும் இரண்டுமே தவறான முடிவைத் தரலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை: மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய், கம்பு 23.50 ரூபாய், சோயா புண்ணாக்கு 45 ரூபாய்.

மக்காச்சோளத்தில் 3350 கிலோகலோரியும் கம்பில் 3050 கிலோகலோரியும் இருப்பதாகக் கொண்டால், 1000 கிலோகலோரிக்கு மக்காச்சோளத்தில் 7.46 ரூபாயும் கம்பில் 7.70 ரூபாயும் ஆகிறது. இங்கேயே நிறுத்தினால் கம்பு நட்டம் என்று தோன்றும். ஆனால் கம்பில் 11 சதவீதப் புரதம் இருக்கிறது, மக்காச்சோளத்தில் 8.5 தான். ஒரு கிலோ கம்பு தரும் எரிசக்தியையும் புரதத்தையும் மக்காச்சோளம், சோயா (46 சதவீதப் புரதம், 2250 கிலோகலோரி) இரண்டிலிருந்தும் பெறவேண்டுமானால், 856 கிராம் மக்காச்சோளமும் 81 கிராம் சோயாவும் தேவை. அவற்றின் விலை 21.40 ரூபாயும் 3.64 ரூபாயும், ஆக மொத்தம் ஏறத்தாழ 25 ரூபாய். சோயா புரதத்தில் லைசின் மிகுதி என்பதால், அந்தக் கலவையைவிடக் கம்பில் ஏறத்தாழ ஒரு கிராம் லைசின் குறையும்; அதை ஈடுகட்டச் செயற்கை லைசினுக்கு 25 காசு கழித்தாலும், 23.50 ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பின் மதிப்பு 24.75 ரூபாய். கிலோவுக்கு 1.25 ரூபாய் ஆதாயம். இந்தக் கணக்கை ஒரு விரிதாளில் போட்டு வைத்து, விலை மாறும்போதெல்லாம் எண்களை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

படி 5: தானியத்துக்கேற்ற நொதியைத் தேர்ந்தெடுத்தல்

ஃபைட்டேஸ் அனைத்துத் தாவரத் தீவனங்களிலும் பயன்படுவது. ஒரே ஒரு நொதிதான் வாங்க முடியும் என்றால் நான் இதையே வாங்கச் சொல்வேன். இது ஃபைட்டேட்டை உடைத்து, அடைபட்ட பாஸ்பரஸை விடுவிக்கிறது. ஃபைட்டேட் கால்சியம், துத்தநாகம், புரதம் ஆகியவற்றையும் பிடித்து வைத்திருப்பதால், அவையும் ஓரளவு விடுபடுகின்றன. இதன் வேலை பெரும்பாலும் தீனிப்பையிலும் அமிலத்தன்மை கொண்ட இரைப்பைப் பகுதியிலும் நடக்கிறது. தீவனம் அங்கே தங்கும் நேரம் குறைவு என்பதால், நொதி வேகமாகச் செயல்பட வேண்டும். சுண்ணாம்புக் கல்தூளை அளவுக்கு மேல், அதுவும் மிக நைசாக அரைத்துச் சேர்த்தால், இரைப்பையின் அமிலத்தன்மை குறைந்து, ஃபைட்டேட் கால்சியத்தோடு இறுகிக்கொள்ளும். ஃபைட்டேஸ் பலன் தரவில்லை என்று சொல்பவர்கள் முதலில் கல்தூளின் அளவைத்தான் சரிபார்க்க வேண்டும்.

சைலனேஸ், அராபினோசைலனை வெட்டும் நொதி. கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த இந்தப் பொருள்தான் கறிக்கோழியின் செரிமானத்தைக் கெடுக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவில் சாக்ட், அனிசன் ஆகிய ஆய்வாளர்கள் 1990-இல் காட்டினார்கள். கூழ் கெட்டியாகும்போது செரிமான நொதிகளும் கொழுப்பும் சந்திக்க முடியாமல் போகின்றன. செரிக்காத சத்து பின்குடலுக்குப் போய்க் கிருமிகளுக்கு உணவாகிறது. எச்சம் ஒட்டும் தன்மையுடன் ஈரமாகி, கூளத்தைக் கெடுக்கிறது. கோதுமைத் தீவனத்தில் சைலனேஸ் தரும் பலனைக் கண்ணாலேயே பார்க்கலாம். மக்காச்சோளத்திலும் கம்பிலும் அராபினோசைலன் பெரும்பாலும் கரையாத வகை, கூழ் கெட்டியாவதில்லை. அங்கே சைலனேஸின் பயன், செல்சுவரைத் திறந்து உள்ளிருக்கும் மாவுச்சத்தையும் புரதத்தையும் வெளிக்கொணர்வதும், வெட்டுப்பட்ட சிறு சர்க்கரைத் தொடர்கள் பின்குடலின் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாவதும்தான். பலன் உண்டு, ஆனால் கோதுமை அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. குருணை மிகுந்த தீவனத்திலோ சைலனேஸுக்கு வேலை மிகக் குறைவு.

பீட்டா-குளுக்கனேஸ் வாற்கோதுமைக்கு உரியது. அது நம் தீவனத்தில் இல்லையென்றால் அதற்காகத் தனியே பணம் கொடுக்க வேண்டாம். மேனனேஸ் தானியத்துக்கானது அன்று: சோயா புண்ணாக்கிலும், அதைவிட மிகுதியாகக் கொத்தவரைப் புண்ணாக்கிலும் உள்ள பீட்டா-மேனன் என்னும் நார்ப்பொருளைக் குறிவைக்கிறது. கொத்தவரைப் புண்ணாக்கு சேர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். புரோட்டியேஸ், சோளத்தின் கேஃபிரின் போன்ற கடினமான புரதங்கள் இருக்கும்போதும், வேகவைப்பு சரியில்லாத சோயா கிடைக்கும்போதும் உதவும். அமைலேஸைப் பொறுத்தவரை, ஆரோக்கியமான கோழியின் கணையமே அதைப் போதிய அளவு சுரக்கிறது. மிக இளம் குஞ்சுகளிலும், புதிதாக அறுவடையான மக்காச்சோளத்திலும்தான் அதற்கு இடம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

படி 6: நொதி விடுவிக்கும் சத்தைக் கணக்கில் கழித்தல்

பலரும் தவறவிடும் படி இதுதான். ஏற்கெனவே சத்து முழுமையாக உள்ள தீவனத்தின் மேல் நொதியைத் தூவினால், கோழிக்குத் தேவைப்படாத பாஸ்பரஸ்தான் கூடுதலாக விடுபடும். அது எச்சத்தோடு வெளியேறும். நொதி தரும் சத்தின் அளவுக்கு விலையுயர்ந்த மூலப்பொருளைக் குறைத்தால்தான் லாபம்.

கிராமுக்கு 5000 எஃப்.டி.யு. (ஃபைட்டேஸை அளக்கும் அலகு) செயல்திறன் கொண்ட ஃபைட்டேஸை டன்னுக்கு 100 கிராம் சேர்த்தால், ஒரு கிலோ தீவனத்துக்கு 500 எஃப்.டி.யு. கிடைக்கும். இதனால் விடுபடும் பாஸ்பரஸை 0.12 சதவீதம் என்று கொண்டால், டன்னுக்கு 1.2 கிலோ. பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டி.சி.பி.யில் (டைகால்சியம் பாஸ்பேட்) 18 சதவீதம் பாஸ்பரஸ் இருப்பதால், ஏறத்தாழ 6.7 கிலோ டி.சி.பி.யைக் குறைக்கலாம். டி.சி.பி.யைக் குறைக்கும்போது அதிலிருந்த கால்சியமும் சுமார் 1.5 கிலோ குறைகிறது. அதில் பெரும்பகுதியை ஃபைட்டேஸ் விடுவிக்கும் கால்சியமே ஈடுசெய்யும் என்பதால், கல்தூளைக் கைக்கணக்கில் கூட்டிவிடாமல், மொத்தக் கால்சியத்தை மீண்டும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். குருணையை அதிகம் சேர்த்த தீவனத்தில் ஃபைட்டேட்டே குறைவு என்பதால், அங்கே முழு 0.12 சதவீதத்தையும் நம்பி டி.சி.பி.யைக் குறைக்காதீர்கள்.

அதேபோல், சைலனேஸுக்குக் கிலோவுக்கு 50 கிலோகலோரி என்று மதிப்பிட்டால், டன்னுக்கு 50,000 கிலோகலோரி. ஒரு கிலோ எண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மக்காச்சோளத்தை வைக்கும்போது குறையும் எரிசக்தி சுமார் 5450 கிலோகலோரி; ஆகவே டன்னுக்கு 9 கிலோ எண்ணெயைக் குறைக்க முடியும். விற்பனையாளர் தரும் அட்டவணையில் இதைவிடப் பெரிய எண் இருந்தாலும், முதல் பேட்சில் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது விவேகம். ஃபைட்டேஸ், சைலனேஸ், புரோட்டியேஸ் மூன்றையும் சேர்க்கும்போது ஒவ்வொன்றின் எரிசக்தி, அமினோ அமில எண்களையும் அப்படியே கூட்டக் கூடாது. செரிக்காமல் மீதமிருக்கும் சத்து ஒன்றுதான், அதை மூன்று நொதிகளும் மும்முறை மீட்டுத் தர முடியாது.

படி 7: அரைத்தலும் கலத்தலும்

மாஷ் (பெல்லட் ஆக்காத தூள்) தீவனத்துக்கு மாவு போல நைசாக அரைப்பது தவறு. ஓரளவு கரகரப்பான துகள்கள் அரைவைப் பையை வலுப்படுத்தி, தீவனம் அங்கே கூடுதல் நேரம் தங்கச் செய்கின்றன. ஃபைட்டேஸுக்கும் அதனால் நேரம் கிடைக்கிறது. கம்பு சிறிய தானியம் என்பதால், மக்காச்சோளத்துக்குப் போட்ட சல்லடையிலேயே அரைத்தால் பாதி முழுதாக வெளியே வந்துவிடும். வளர்ந்த கோழி அதைச் சமாளிக்கும். முதல் இரண்டு வாரக் குஞ்சுக்குக் கம்பைத் தனியாக, சிறு துளைச் சல்லடையில் அரைக்க வேண்டும்.

ஒரு டன்னில் 100 கிராம் என்பது மிகச் சிறிய அளவு. அதை நேரடியாக மிக்ஸரில் கொட்டினால் ஒரு மூட்டையில் மிகுதியாகவும் இன்னொன்றில் இல்லாமலும் போகும். முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதை 5 கிலோவிலும், பிறகு 25 கிலோவிலும் கலந்து, மிக்ஸர் பாதி நிரம்பிய பின் சேர்க்க வேண்டும். எண்ணெயை அதற்குப் பிறகே ஊற்ற வேண்டும். முன்னதாக ஊற்றினால் நொதித் தூள் எண்ணெய்க் கட்டிகளில் ஒட்டிக்கொள்ளும். தீவனத்தை அழுத்திச் சிறு துண்டுகளாக்கி, அதாவது பெல்லட் போடுபவர்கள், நீராவி கொடுக்கும் இடத்தின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். நொதியும் ஒரு புரதமே. 80 முதல் 85 டிகிரி செல்சியஸைத் தாங்கும் என்று உற்பத்தியாளர் எழுத்தில் உறுதி தராத நொதியைப் பெல்லட் தீவனத்தில் சேர்க்காதீர்கள். நொதிப் பையை வெயில் படாத, குளிர்ந்த அறையில் வைப்பதும், தாது உப்புக் கலவையோடு பல வாரங்கள் கலந்து வைக்காமல் இருப்பதும் அவசியம்.

படி 8: மாற்றுத் தானியத்தைப் படிப்படியாக நுழைத்தல்

முன்-ஸ்டார்ட்டரில் மக்காச்சோளத்தையும் குருணையையும் அடிப்படையாக வைத்து, கம்பைத் தவிர்க்கலாம். ஸ்டார்ட்டரில் 10 முதல் 15 சதவீதம், ஃபினிஷரில் 25 சதவீதம் வரை என்று கம்பைக் கூட்டிச் சென்றால் கோழி எளிதில் பழகிக்கொள்ளும். டேனின் இல்லாத சோளத்துக்கும் ஏறத்தாழ இதே வரம்பைப் பின்பற்றலாம். தீவனத்தை மாற்றும் நாளில் பழையதையும் புதியதையும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு நாள் கொடுத்தால், தீவனம் எடுப்பது குறையாது.

படி 9: சொந்தக் கொட்டகையில் ஒப்பிட்டுப் பார்த்தல்

ஒரு பேட்சுக்கு நொதி சேர்த்து, அதற்கு முந்தைய பேட்சோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை. குஞ்சின் தரம், வெயில், நோய் என்று எல்லாமே மாறியிருக்கும். ஒரே கொட்டகையில், ஒரே நாளில் இறக்கிய குஞ்சுகளை வலை போட்டுக் குறைந்தது நான்கு தடுப்புகளாகப் பிரித்து, பழைய தீவனத்தையும் புதிய தீவனத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொடுங்கள். எல்லாப் புதிய தீவனத் தடுப்புகளையும் காற்றோட்டம் நன்றாக உள்ள முனையிலேயே வைத்துவிட்டால், காற்று தந்த எடையை நொதி தந்ததாக எண்ணிவிடுவோம்.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு தடுப்பிலும் 50 கோழிகளைத் தனித்தனியே எடை போட்டு, சராசரியோடு சிறியதற்கும் பெரியதற்கும் உள்ள இடைவெளியையும் குறித்து வையுங்கள். எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடைக்குச் செலவான தீவனத்தின் அளவைக் கணக்கிடும்போது, தின்ற தீவனத்தை உயிருள்ள கோழிகளின் எடையோடு, இறந்த கோழிகளின் எடையையும் சேர்த்த தொகையால் வகுக்க வேண்டும். எஃப்.சி.ஆர். 1.65-இலிருந்து 1.60-ஆகக் குறைந்தால், 2 கிலோ கோழிக்கு 100 கிராம் தீவனம் மிச்சம். 5000 கோழிகள் உள்ள பண்ணையில் அது 500 கிலோ. எடையும் எஃப்.சி.ஆரும் மாறாமல் தீவன விலை மட்டும் குறைந்திருந்தாலும், அது வெற்றிதான். சத்தைக் குறைத்துக் கலந்த தீவனத்தில் பழைய வளர்ச்சியே கிடைத்திருக்கிறது என்று பொருள்.

டி.சி.பி.யைக் குறைத்த தடுப்பில் மூன்றாவது வாரத்தில் சில கோழிகள் கால் மடக்கி உட்கார்ந்தாலோ, அறுத்துப் பார்க்கும்போது கால் எலும்பு ஒடியாமல் ரப்பர் போல வளைந்தாலோ, பாஸ்பரஸ், கால்சியம், வைட்டமின் டி3 ஆகியவற்றில் ஒன்று போதவில்லை என்று கொள்ள வேண்டும். குறைத்த டி.சி.பி.யில் பாதியை உடனே திருப்பிச் சேர்த்து, குடிநீரில் வைட்டமின் டி3 கொடுத்து, கால்சியத்தின் மொத்த அளவையும் கல்தூளின் நைசையும் சரிபார்த்து, அதே தீவன மூட்டையிலிருந்து ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்தச் சூத்திரத்தில் அடுத்த டன்னைக் கலக்க வேண்டாம்.